கைப்பேசித் திரையைப் பயனருக்கு ஏற்றபடி திட்டமிட்டு வடிவமைத்தல்: முழுமையான வழிகாட்டி

சிறு வணிகம், கோயில், சங்கம் போன்றவற்றுக்குக் கைப்பேசியில் இயங்கும் சேவை ஒன்றை முதன்முறையாக வடிவமைக்க முனைவோருக்காக இவ்வழிகாட்டியை எழுதுகிறேன். பினாங்கில் இந்தப் பணியைச் செய்துவரும் நான், புதிதாக வருபவர்கள் இடறும் இடத்தை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லாருமே முதல் நாளிலேயே வரைகலை மென்பொருளைத் திறந்து, ஆங்கிலச் சொற்களை இட்டு அழகான திரைகளை வரைந்துவிட்டு, கடைசி வாரத்தில் அவற்றைத் தமிழாக்கத் தொடங்குகிறார்கள். அப்போது பொத்தான்களுக்குள் சொற்கள் அடங்குவதில்லை, வாக்கியங்கள் முறிகின்றன, செய்த வேலையில் பெரும்பகுதியை மறுபடி செய்ய நேர்கிறது. கீழே உள்ள படிகளின் வரிசை இந்த இழப்பைத் தவிர்ப்பதற்காகவே அமைந்தது.

எடுத்துக்காட்டுக்கு, ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் மாலை கட்டி விற்கும் ஒரு பூக்கடைக்கு முன்பதிவுச் சேவை அமைப்பதாக வைத்துக்கொள்வோம்.

1. தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

குறைந்தது மூன்று கைப்பேசிகள் வேண்டும். ஒன்று விலை குறைந்த ஆண்ட்ராய்டு. மற்றொன்று சில ஆண்டுகள் பழைய ஐபோன். மூன்றாவது, எழுத்தளவை மிகப் பெரிதாக வைத்துப் பயன்படுத்தும் மூத்தவர் ஒருவருடையது. கணினித் திரையில் தெரியும் மாதிரியை நம்பி வேலை செய்பவருக்கு விரலின் பருமனும் வெயிலின் கூச்சமும் கடைசிவரை தெரியாமலே போகும்.

அடுத்து, கடைக்காரரிடம் கடந்த மாதத்துப் பதிவேட்டைக் கேட்டு, வாடிக்கையாளர்களின் பெயரையும் எண்ணையும் மறைத்துப் படியெடுத்துக்கொள்ளுங்கள். மனத்தில் இருக்கும் வாடிக்கையாளருக்காக வரைவதைவிட, உண்மையில் வந்த முப்பது கோரிக்கைகளைப் படித்துவிட்டு வரைவது விரைவான வேலை. முடிவெடுக்கும் அதிகாரம் யாருக்கு என்பதையும் இப்போதே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தந்தை ஒன்று சொல்ல மகன் வேறொன்று சொல்லும் கடையில், திரைகள் மூன்று முறை மாறும்.

2. சேவை செய்ய வேண்டிய வேலையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

நம் எடுத்துக்காட்டுக்கு அந்த வாக்கியம் இப்படி அமையலாம்: "மாலை தேவைப்படும் ஒருவர், கடைக்குத் தொலைபேசியில் அழைக்காமல், நாளையும் நேரத்தையும் குறித்து, மாலையைத் தேர்ந்தெடுத்து, முன்பணம் செலுத்தி, உறுதிச் செய்தியைப் பெறுகிறார்." இதில் உள்ள ஒவ்வொரு வினையும் ஒரு திரையாகவோ திரையின் ஒரு பகுதியாகவோ மாறும். வாக்கியத்தில் இடம்பெறாத எதுவும் முதல் வெளியீட்டில் இடம்பெறக் கூடாது.

கடையின் வரலாறு, பண்டிகை வாழ்த்து, படத்தொகுப்பு என உரிமையாளர் ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சொல்வார். வேண்டாம் என்று மறுப்பதற்குப் பதிலாக, அந்த வாக்கியத்தை அவர் முன் வைத்து, இது எந்த வினைக்கு உதவும் என்று கேளுங்கள். பெரும்பாலும் அவரே அதைத் தள்ளிவைத்துவிடுவார்.

3. பயன்படுத்தப்படும் இடத்தில் நின்று பாருங்கள்

ஒரு காலைப்பொழுது கடையருகே அஞ்சடியில், அதாவது கடைகளின் முன்னுள்ள கூரையிட்ட நடைபாதையில், நில்லுங்கள். வருபவர் ஒரு கையில் பையோ குடையோ வைத்திருப்பார். மறு கையின் கட்டைவிரலால் மட்டுமே திரையைத் தொடுவார். அஞ்சடியின் விளிம்பில் வெயில் படும்போது வெளிர்சாம்பல் நிற எழுத்து கண்ணுக்குத் தெரியாது. "போன தடவை கட்டியது மாதிரியே" என்று எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அது அதிகமாக இருந்தால், பழைய பதிவை மறுபடி கோரும் வசதி முதல் திரைக்கே வர வேண்டும்.

பேட்டி காணும்போது புதியவர்கள் செய்யும் பெரிய பிழை, "இப்படி ஒரு செயலி இருந்தால் பயன்படுத்துவீர்களா?" என்று கேட்பது. நம் மக்கள் மனம் நோகப் பேசமாட்டார்கள். "நல்லாயிருக்கு தம்பி, செய்ங்க" என்பார்கள். அதிலிருந்து எதுவும் தெரியவராது. "கடைசியாக மாலை சொன்னபோது முதலில் என்ன செய்தீர்கள், எங்கே சிரமப்பட்டீர்கள்?" என்று நடந்து முடிந்ததைக் கேட்டால் மட்டுமே பயனுள்ள விடை கிடைக்கும்.

4. திரையை வரைவதற்கு முன் சொற்களை எழுதி முடியுங்கள்

மற்ற எல்லாப் படிகளையும்விட இதற்கு அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன். ஒரு வெற்றுத் தாளில், பயனர் படிக்கப்போகும் ஒவ்வொரு சொல்லையும் வரிசையாகத் தமிழில் எழுதுங்கள்: தலைப்பு, பொத்தான், குறிப்பு, பிழைச்செய்தி, உறுதிச் செய்தி. தமிழ்ச் சொல் நீளமானது என்பதால், முதலில் சொல்லை எழுதினால் அதற்கேற்ற இடத்தைத் திரையில் ஒதுக்கலாம். ஆங்கிலத்தில் நான்கைந்து எழுத்துக்குள் முடிந்துவிடும் பொத்தான் தமிழில் "உறுதிப்படுத்தவும்" என்று பத்து எழுத்தாக விரிந்து இரண்டாம் வரிக்குப் போகும்.

பொத்தானில் ஏவல் வினையா, மரியாதை வினையா என்ற கேள்வி உடனே எழும். நான் பின்பற்றும் முறை இது: பொத்தான் என்பது பயனர் கருவிக்கு இடும் கட்டளை, ஆகவே "அனுப்பு", "சேமி", "திரும்பு" என்று சுருங்க இருக்கலாம். குறிப்புரை என்பது நாம் பயனரிடம் பேசுவது. ஆகவே "உங்கள் பெயரை எழுதுங்கள்" என்று மரியாதையோடு இருக்க வேண்டும். இவ்விரண்டையும் கலந்து, "பெயரை உள்ளிடு" என்று அறுபது வயதானவரிடம் சொல்லும் திரையை அவர் மரியாதைக் குறைவாகவே எடுத்துக்கொள்வார். அவர் அப்படி எடுத்துக்கொள்வதில் தவறும் இல்லை.

சொற்களை மக்கள் புழங்கும் வடிவத்திலேயே எழுதுங்கள். செயலியின் பெயரைப் புலனம் என்று எழுதுவதா, வாட்ஸ்அப் என்று எழுதுவதா என்று நண்பர்கள் வாதிடுவதுண்டு. அந்தக் கடைக்கு வருவோர் எதைச் சொல்கிறார்கள் என்பதே எனக்கு அளவுகோல். விலையை நம்மவர்கள் வெள்ளியில் (ரிங்கிட்) சொல்வார்கள். ஆனால் அதே சொல் கிழமையையும் குறிக்கும் என்பதால், "வெள்ளி 30" என்று ஒரு திரையில் கண்டவர் அது விலையா தேதியா என்று தயங்குவார். விலைக்கு "30 வெள்ளி" என்று எண்ணை முன்வைத்தும், கிழமைக்கு "வெள்ளிக்கிழமை" என்று முழுமையாகவும் எழுதினால் தயக்கம் நீங்கும். இதேபோல் "நாளை" என்ற சொல்லைத் தனியே விடக் கூடாது. நள்ளிரவை ஒட்டிப் பதிவு செய்பவருக்கு அது எந்த நாள் என்று விளங்காது. கிழமையையும் தேதியையும் உடன் சேர்த்தே காட்டுங்கள்.

நிரலாளரோடு பேசித் தீர்க்க வேண்டிய ஒரு செய்தியும் இங்கே உண்டு. ஆங்கில முறையில், பெயருக்கான இடத்தை வெற்றிடமாக விட்டு, அதன் பின்னால் வேற்றுமை உருபை ஒட்டுவார்கள். தமிழில் "மாலா" என்பது "மாலாவுக்கு" ஆகும், "முருகன்" என்பது "முருகனுக்கு" ஆகும், "தேவி" என்பது "தேவிக்கு" ஆகும். எல்லாப் பெயருக்கும் "க்கு" என்று ஒட்டினால் "முருகன்க்கு" என்ற பிழையான வடிவம் திரையில் தோன்றும். இதைத் தீர்க்க இலக்கண விதிகளை நிரலாக எழுதத் தேவையில்லை. "பெறுபவர்: முருகன்" என்று உருபு வேண்டாத அமைப்புக்கு வாக்கியத்தை மாற்றினால் போதும்.

5. பாதையைத் தாளில் அமையுங்கள்

கைப்பேசி அளவில் தாள்களை வெட்டி, ஒரு தாளுக்கு ஒரு முடிவு என்ற கணக்கில் எழுதி, மேசைமேல் வரிசையாக வையுங்கள். தாளை இடம் மாற்ற ஒரு நொடி போதும்; மென்பொருளில் வரைந்ததை மாற்ற மனம் வராது. அதனால்தான் தாளில் தொடங்கச் சொல்கிறேன்.

எந்தத் தாள் முதலில் வரும்? பெரும்பாலோர் மாலைப் படங்களை முதலில் வைப்பார்கள். பூக்கடையில் எந்தப் பூ கிடைக்கும், எத்தனை மாலை கட்ட முடியும் என்பது நாளைப் பொறுத்தது. தைப்பூசத்தை ஒட்டிய நாளில் புதிய பதிவு எடுக்கவே முடியாமல் போகலாம். படத்தைப் பார்த்து ஆசைப்பட்டவரிடம் நான்கு திரை தாண்டி "அன்று இல்லை" என்று சொல்வதைவிட, நாளை முதலில் கேட்பதே முறை. பெயரும் எண்ணும் கடைசியில் வரட்டும். கணக்குத் திறந்தால்தான் உள்ளே வரலாம் என்ற கதவை வாசலில் வைத்தால், பலர் அங்கேயே திரும்பிவிடுவார்கள்.

மொழித் தேர்வு முதல் திரையிலேயே கண்ணில் படவேண்டும். கைப்பேசியின் அமைப்பு மொழியைப் பார்த்துத் தானாக முடிவுசெய்யாதீர்கள். தமிழ் படிக்கும் மலேசியர் பலருடைய கைப்பேசிகள் ஆங்கிலத்திலோ மலாயிலோ இருக்கின்றன. ஒவ்வொரு மொழியின் பெயரும் அதனதன் எழுத்தில் இருக்கட்டும், கொடிப் படம் வேண்டாம். தமிழுக்கு இந்தியக் கொடியைப் போட்டுவிட்டு, அதைத் தட்டப்போவது இந்நாட்டின் குடிமக்கள் என்பதை மறந்த திரைகளைப் பார்த்திருக்கிறேன்.

6. விரல், எழுத்து, நிறம்: அளவுகளைப் பொருத்துங்கள்

தொடும் இடம் ஆண்ட்ராய்டில் குறைந்தது 48 டிபி, ஐபோனில் 44 புள்ளி (இரண்டும் அந்தந்தக் கருவியில் திரையை அளக்கும் அலகுகள்) இருக்க வேண்டும் என்பது கூகளும் ஆப்பிளும் வகுத்திருக்கும் அளவு. 48 டிபி ஏறத்தாழ 9 மில்லிமீட்டர். குறியீட்டின் படம் சிறிதாக இருக்கலாம். அதைச் சுற்றித் தொடக்கூடிய பரப்பு இந்த அளவுக்குக் குறையக் கூடாது. முதன்மைப் பொத்தான் கட்டைவிரல் எட்டும் கீழ்ப்பகுதியில் இருக்கட்டும். பதிவை நீக்கும் பொத்தானை அதற்கு அருகில் வைக்காதீர்கள்.

சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5-க்கு 1, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 என்ற ஒளிர்வு வேறுபாட்டை இணைய அணுகல் நெறிமுறை (WCAG) கேட்கிறது. அஞ்சடி வெயிலை நினைவில் கொண்டு, நான் இதைவிடக் கூடுதலாகவே வைப்பேன்.

தமிழ் எழுத்துக்கு வரியிடைவெளி தாராளமாக வேண்டும். "கீ", "ழு", "ளூ" போன்றவை மேலும் கீழும் நீள்வதால், ஆங்கிலத்துக்காக அமைத்த நெருக்கமான வரிகளில் ஒன்றோடொன்று மோதும். எழுத்தளவின் ஒன்றரை மடங்கிலிருந்து தொடங்குங்கள். எழுத்துகளுக்கிடையே செயற்கையாக இடைவெளி கூட்டாதீர்கள். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடு இல்லாததால், தலைப்பை வேறுபடுத்த அளவையும் தடிமனையுமே நம்ப வேண்டியிருக்கும்.

நீண்ட வரியை வெட்டிப் புள்ளி வைக்கும் இடத்தில் ஒரு நுட்பப் பிழை நேரும். "பொத்தான்" என்பது நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் எட்டுக் குறிகள். குறியை எண்ணி வெட்டும் நிரல், உயிர்மெய்யின் நடுவில் வெட்டி, கொம்பையோ புள்ளியையோ தொலைத்துவிடும். முழு எழுத்தை அலகாகக் கொண்டு வெட்டச் சொல்லுங்கள். இயன்றால் வெட்டவே வேண்டாம், இரண்டாம் வரிக்கு இடம் கொடுங்கள்.

பிறகு, எழுத்தளவை உச்சத்தில் வைத்து எல்லாத் திரைகளையும் பாருங்கள். ஆண்ட்ராய்டு 14 முதல் எழுத்தை 200 விழுக்காடு வரை பெரிதாக்கலாம். அந்த நிலையில் பொத்தான் திரைக்கு வெளியே போனால், மூத்தவர் ஒருவரால் பதிவை முடிக்கவே முடியாது.

7. படிவத்தை இந்நாட்டு மக்களுக்கு ஏற்ப அமையுங்கள்

வேறு நாட்டுக்காகச் செய்த மாதிரிப் படிவத்தை அப்படியே எடுத்தால் முதல் கட்டத்திலேயே சிக்கல் வரும். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரு கட்டங்கள் இருக்கும். மலேசியத் தமிழர் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. அடையாள அட்டையில் தம் பெயர், அதன்பின் ஏ/எல் (மகன்) அல்லது ஏ/பி (மகள்), பிறகு தந்தை பெயர் என்று இருக்கும். இரண்டாம் கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் தந்தை பெயரை எழுதுவார்கள். பின்னர் கடைக்காரர் அந்தப் பெயரைச் சொல்லி அவரை அழைப்பார். சில படிவங்கள் சாய்கோட்டை ஏற்காமல், ஒருவருடைய சட்டப்படியான பெயரையே பிழை என்று சிவப்பில் காட்டுகின்றன. என் பெயரும் ஒரு படிவத்தில் அப்படி மறுக்கப்பட்டதுண்டு. "முழுப் பெயர்" என்ற ஒரே கட்டத்தை வைத்து, சாய்கோட்டையும் புள்ளியையும் அனுமதியுங்கள்.

கைப்பேசி எண்ணை 10 இலக்கம் என்று கட்டுப்படுத்துவது அடுத்த பிழை. 012, 016 போன்றவை 10 இலக்கம். 011-இல் தொடங்குபவை 11 இலக்கம். இடைவெளியோடும் கோட்டோடும் +60 சேர்த்தும் எழுதுவார்கள். அவற்றை நீக்கிச் சரிசெய்வது நிரலின் வேலை, பயனருடையது இல்லை. எண் கேட்கும் இடத்தில் எண் விசைப்பலகை தானே திறக்கட்டும். இணையப் பக்கமாகச் செய்தால், கட்டத்தின் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் ஐபோனின் சஃபாரி, தட்டியவுடன் பக்கத்தைப் பெரிதாக்கி நிலைகுலைக்கும்.

முகவரியில் ஒரே தெருவுக்கு இரு பெயர்கள் உண்டு என்பதை மனத்தில் வையுங்கள். லெபோ பாசாரும் மார்க்கெட் ஸ்திரீட்டும் ஒன்றுதான். இரண்டையும் தேடல் ஏற்க வேண்டும். பூக்களின் பெயரைத் தேடுபவர் தமிழிலும் எழுதுவார், தமிழ் ஒலியை ஆங்கில எழுத்திலும் எழுதுவார். மல்லிகைக்கு எத்தனை எழுத்துக்கூட்டல் வந்தாலும் அது கிடைக்க வேண்டும்.

அடையாள அட்டை எண்ணைத் தேவையின்றிக் கேட்காதீர்கள். மாலை விற்க அது வேண்டியதில்லை. பெயரும் எண்ணும் பெற்றாலே, தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இன்படி, எதற்காகப் பெறுகிறோம் என்ற அறிவிப்பைத் தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் தர வேண்டும். தமிழ் அறிவிப்பு அவற்றோடு கூடுதலாக இருக்கட்டும்.

8. கட்டணத் திரை

மலேசிய வங்கிகளும் மின்பணப்பைகளும் ஏற்கும் டுயிட்நவ் கியூஆர் குறியீட்டைத் திரையில் காட்டி, "ஸ்கேன் செய்யுங்கள்" என்று எழுதிவிடுவது அடிக்கடி நேரும் பிழை. பயனர் கையில் இருப்பது ஒரே கைப்பேசி. அதன் திரையில் இருக்கும் குறியீட்டை அதே கைப்பேசியால் எப்படிப் படம்பிடிப்பார்? குறியீட்டைப் படமாகச் சேமிக்கும் பொத்தானை வைத்து, அதை வங்கிச் செயலியிலோ மின்பணப்பையிலோ படத்தொகுப்பிலிருந்து திறக்கலாம் என்று இரண்டே வரியில் சொல்லுங்கள். வங்கிக்கு நேரே கொண்டுசெல்லும் எஃப்பிஎக்ஸ் வழியையும் உடன் கொடுத்தால் நல்லது.

வங்கிச் செயலிக்குப் போய்த் திரும்பும்போது, நினைவகம் குறைந்த கைப்பேசி உங்கள் செயலியை மூடிவிட்டிருக்கலாம். ஆகவே ஒவ்வொரு திரையிலும் எழுதப்பட்டதை உடனுக்குடன் சேமித்து, திரும்பியவரை விட்ட இடத்திலேயே நிறுத்துங்கள். பணம் போய், பதிவு காணாமல் போனவர் மறுபடி வரமாட்டார்.

உறுதிக் குறுஞ்செய்தியைத் தமிழில் அனுப்புவதாக இருந்தால், ஒரு செய்தியில் 70 குறிகளே அடங்கும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் அது 160. முன்னே சொன்னபடி ஓரெழுத்துக்கு இரு குறிகள் செலவாகக்கூடும் என்பதால், பதிவு எண், நாள், நேரம் ஆகிய மூன்றை மட்டும் எழுதுங்கள்.

9. இணைப்பு மெதுவாகும்போது

தண்ணீர்மலை முருகன் கோயில் கூட்டத்தில் நின்றபடியோ பட்டர்வொர்த் ஃபெரியில் போய்க்கொண்டோ பயன்படுத்துவார்கள் என்று எண்ணி அமையுங்கள். தட்டியவுடன் பொத்தானின் தோற்றம் மாற வேண்டும். இல்லையெனில் மறுபடி மறுபடி தட்டி இரண்டு மாலைக்குப் பதிவாகும். ஒருமுறை தட்டியபின் பொத்தானைச் செயலிழக்கச் செய்வதோடு, ஒரே பதிவு இருமுறை வந்தால் சேவையகம் அதைக் கண்டுகொள்ளவும் ஏற்பாடு வேண்டும். மாலைப் படங்களைச் சுருக்கிச் சிறிதாக்குங்கள். பிழைச்செய்தி, என்ன நடந்தது, இனி என்ன செய்யலாம் என்ற இரண்டையும் சொல்ல வேண்டும்: "இணைப்பு இல்லை. நீங்கள் எழுதியவை பத்திரமாக உள்ளன. சற்று நேரத்தில் மீண்டும் தட்டுங்கள்."

10. ஐந்து பேரிடம் கொடுத்துப் பாருங்கள்

தாள் வடிவில் ஒருமுறையும், இயங்கும் வடிவில் ஒருமுறையும் சோதியுங்கள். ஐந்து பேர் போதும் என்பது பயன்பாட்டு ஆய்வாளர் ஜேகப் நீல்சன் 2000-ஆம் ஆண்டு முன்வைத்த பரிந்துரை; பெரிய இடர்கள் முதல் சிலரிடமே வெளிப்பட்டுவிடுகின்றன என்பதை என் வேலையிலும் கண்டிருக்கிறேன். ஐவரும் உங்கள் நண்பர்களாக இருந்தால் பயனில்லை. அறுபதைக் கடந்த ஒருவரும், தமிழை மெதுவாகப் படிக்கும் இளையவர் ஒருவரும், கடை ஊழியர் ஒருவரும் கட்டாயம் இருக்கட்டும். அவரவர் கைப்பேசியிலேயே செய்யச் சொல்லுங்கள்.

"அடுத்த சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு இரண்டு மாலை வேண்டும், வாங்குங்கள்" என்று வேலையை மட்டும் சொல்லிவிட்டு, மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லும்படி கேட்டுக்கொண்டு, பேசாமல் இருங்கள். இது புதியவர்களுக்கு மிகக் கடினம். ஆன்ட்டி ஒருவர் தடுமாறும்போது, "அங்கே கீழே இருக்கு பாருங்க ஆன்ட்டி" என்று வாய்வரை வந்துவிடும். சொல்லிவிட்டால் அந்தப் பொத்தான் தெரியாத இடத்தில் இருக்கிறது என்ற உண்மை உங்கள் குறிப்பேட்டில் ஏறாது. தயங்கிய இடம், திரும்பிப் போன இடம், தவறாகப் படித்த சொல் ஆகியவற்றை எழுதிக்கொண்டு, அன்றிரவே சொல்லைத் திருத்துங்கள், பிறகு இடத்தை, கடைசியாக நிறத்தை. சொல்லைத் திருத்தியதும் மற்றவை தாமே சரியாகிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

11. வெளியிட்ட முதல் இரு வாரங்கள்

பழைய தொலைபேசி வழியையும் வாட்ஸ்அப் வழியையும் உடனே மூடச் சொல்லாதீர்கள். செயலியில் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டுக் கடைக்கு அழைப்பவர்களிடம், எந்தத் திரையில் நின்றீர்கள் என்று மட்டும் கேட்டுக் குறித்துவைக்குமாறு கடை ஊழியரிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்துவிட்டு வாருங்கள். இரண்டாம் வாரத்து வெள்ளிக்கிழமை அந்தக் குறிப்பேட்டோடு கடைக்காரரின் அருகில் அமர்ந்து, ஒரே திரை மூன்று முறைக்கு மேல் எழுதப்பட்டிருந்தால், அந்தத் திரையைத் தாளில் மறுபடி வரைவதிலிருந்து தொடங்குங்கள்.